கைதட்டக் கூட்டிப்போன மூன்று பஸ்

என் கடைக்கு வருகிறவர்கள் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

“மொதலாளி, இந்தக் கண்ணாடி அலுமாரியில நடுத்தட்டு மட்டும் ஏன் காலியா கெடக்குது?”

கல்யாணத்துக்குக் கதிரை பேச வந்தவரும் கேட்கிறார். திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் பேச வந்தவரும் கேட்கிறார். மேல்தட்டில் மைக், கீழ்த்தட்டில் வயர். நடுத்தட்டில் சிவப்பு வெல்வெட் துணி, அதற்கு மேலே ஒரு சின்ன லைட்... அவ்வளவுதான். காலித் தட்டுக்கு யாராவது லைட் போட்டு வைப்பார்களா?

நான் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரு கவிதையால் வந்தது.

கவிதைக்கும் உனக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் படிப்பு தெரியும் — ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுதாக இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கண்டி டவுனுக்கு இறங்கி, ஒரு தோளில் ஹோர்ன் ஸ்பீக்கரும் மறு தோளில் பற்றரியுமாகக் கோயில் கோயிலாக ஏறியவன் நான். இன்றைக்கு நாவலப்பிட்டியிலிருந்து அலவத்துகொட வரைக்கும் யாராவது மைக்கைத் தட்டி ‘ஹலோ... ஒன்... டூ...’ என்றால், அநேகமாக அது என் மைக்காக இருக்கும். கல்யாணம், கட்சிக் கூட்டம், கந்தூரி, செத்த வீடு — எல்லாவற்றுக்கும் சத்தம் கொடுத்திருக்கிறேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி... பெருமைக்குத்தான் சொல்கிறேன். நமக்கென்ன பட்டமா கொடுத்து வைத்திருக்கிறார்கள்? நாமே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெராட் சேர் கடைப் படி ஏறினார். கண்டியில் தமிழ் படிப்பிக்கிறவர். பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வருகிறார் என்றால், இலவசமாக மைக் கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

அன்றைக்கு மைக் கேட்கவில்லை. விமான டிக்கெட் கேட்டார்.

“கவிதை ஸ்லாம் மொதலாளி. சென்னையில நடக்குது. இந்தியா, மலேசியா, நாங்க — மூணு நாட்டு டீம்.”

“ஸ்லாம்னா?”

“குத்துச்சண்டை மாதிரி. என்ன, கைக்குப் பதிலா கவிதை.”

எனக்குப் பிடித்துவிட்டது. கவியரங்கம் என்றால் எனக்குத் தெரியும். மைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து எத்தனை தூக்கம் தூங்கியிருக்கிறேன். இது அப்படி இல்லை. ஒரு ஆள் மேடைக்கு வரவேண்டும். சொந்தக் கவிதை. கையில் தாள் கூடாது, மேளம் கூடாது, வேஷம் கூடாது. மூன்று நிமிஷம், மிஞ்சினால் புள்ளி வெட்டு. கூட்டத்திலிருந்தே சீட்டுக் குலுக்கி நடுவர்களை எடுத்து, அவர்கள் அங்கேயே அட்டையைத் தூக்கி மார்க் காட்டவேண்டும். கூட்டம் விசில் அடிக்கலாம், கூச்சல் போடலாம். வெல்கிற டீம் சிங்கப்பூரில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போகும்.

“டிக்கெட் தாறேன் சேர். ஆனா நானும் வருவேன்” என்றேன்.

போனோம். தோற்றோம்.

கவிதையில் தோற்றிருந்தால் எனக்கு வருத்தம் இல்லை. கைதட்டில் தோற்றோம். மண்டபம் முழுக்க அவர்கள் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் ஆள் ‘வணக்கம்’ என்றாலே கூரை பறக்கிறது. நம் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் சொன்னாலும் மழைத் தூறல் மாதிரி நாலு தட்டு. அதைப் பார்த்துப் பார்த்து நடுவர்களின் கையும் அட்டையைத் தேடும்போது கொஞ்சம் கீழே போகிறது. மனுஷ சுபாவம்தானே அது?

திரும்பி வரும்போது விமானத்தில் ஜெராட் சேரிடம் சொன்னேன் — “அடுத்த வருஷம் கண்டியில வைங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

வந்த கையோடு அலுமாரியில் நடுத்தட்டைக் காலி செய்து வெல்வெட் விரித்தேன். என் சிநேகிதர் ரஹீம் நானா, அலவத்துகொடக்காரர், பஸ் ஓட்டுகிற முதலாளி, தேத்தண்ணி குடிக்க வந்தவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கப்பு இன்னும் வரல்ல. அதுக்குள்ள ஊடு கட்டிட்டீங்க?”

“வரும் நானா. உங்க பஸ்ஸுலதான் வரும்.”

“கவிதெ செல்றதுக்கு பஸ்ஸு என்னத்துக்கு?”

“சொல்றதுக்கு இல்ல. கைதட்டுறதுக்கு.”

கைதட்டைப் பற்றி இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் என் முன்னால் வந்து நிற்கட்டும். கைதட்டு என்பது தானாக வருவதில்லை... பற்றவைக்கவேண்டும். முன்வரிசையில் தட்டினால் அங்கேயே அணைந்துவிடும். கதவுப் பக்கம் ஒருவர், நடுத் தூணுக்குப் பக்கம் ஒருவர், பின்னால் ஒருவர் — மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் மண்டபமே பிடித்துக்கொள்ளும். யார் எப்போது ஆரம்பிப்பது? நான் முன்னால் உட்கார்ந்து வெள்ளைக் கைலேஞ்சியைத் தூக்குவேன். தூக்கினால் தட்டவேண்டும். எத்தனை அமைச்சர்களுக்கு இந்தக் கைலேஞ்சியால் கைதட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா? அவர்களுக்கே தெரியாது.

இன்னொரு ஆயுதமும் வைத்திருந்தேன். மீட்டர்.

சத்தம் அளக்கிற மீட்டர். திருவிழாவில் சத்தம் கூடிவிட்டது என்று பொலிஸ் வந்தால் காட்டுவதற்காக வாங்கியது. இரண்டு டீமும் சமமாக வந்தால் என்ன செய்வது என்று ஜெராட் சேர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது நான்தான் சொன்னேன் — “ஆளுக்கு ஒரு கவிதை. சொல்லி முடிச்சதும் அரை நிமிஷம் மீட்டர வைப்போம். எதுக்குக் கைதட்டுச் சத்தம் கூட வருதோ, அந்த டீமுக்குக் கப்.” மற்ற நாட்டுக்காரர்களும் சரி என்றார்கள். எழுதி ஒட்டியாயிற்று.

இனி நிரோஷாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் டீமில் நான்கு பேர். ‘ஆமா’வுக்கு ‘ஓம்’ என்கிற யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன், மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று, கொழும்புப் பையன் ஒருவன், நாலாவது நிரோஷா. கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கண்டியில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறாள். தினமும் பேராதனை வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவள். அந்த நெரிசலிலேயே கவிதை கட்டுவாளாம். கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தாள். உள்ளே ஒரு முத்திரையும் இல்லை. போன வருஷம் கடையில் லீவு கிடைக்காததால் சென்னைக்கு வரவில்லை. இந்த முறை சிங்கப்பூர் போயே தீருவேன் என்று நின்றாள். எனக்குப் பிடித்த பிடிவாதம்.

என் கோடவுனில்தான் ஒத்திகை. சமமாக வந்தால் கடைசியாக யாரை இறக்குவது? நிரோஷாவைத்தான். அவளிடம் ஒரு பஸ் கண்டக்டர் கவிதை இருந்தது. ‘உள்ளுக்குப் போ, உள்ளுக்குப் போ’ என்று தள்ளுகிற கண்டக்டர், கடைசியில் அவனே ஏற இடமில்லாமல் ரோட்டில் நிற்கிறான். ரஹீம் நானா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் மனதுக்குள் மீட்டரைப் பார்த்தேன்... ஏறுகிறது, ஏறுகிறது.

“இதுதான் கடைசிக் கவிதை. முடிஞ்சிச்சு” என்றேன்.

“ஐயா, இன்னொண்ணு இருக்குங்க” என்றாள் நிரோஷா. “குளவிக் கவிதை. அம்மாவப் பத்தினது.”

அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிற மலையில் குளவி கொட்டிச் செத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். நிரோஷா அப்போது சின்னப் பிள்ளை. அம்மாவின் தங்கை பாக்கியம்தான் எடுத்து வளர்த்தது. பாக்கியமும் அதே மலையில் அன்றைக்கு வேலை செய்தவள்.

தோட்டம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மரத்தில் இருக்கிற கூட்டைக் கழுகு வந்து அடித்தால் குளவி கிளம்பும். அப்போது ஓடக்கூடாது. கத்தக்கூடாது. காலையில் பெரட்டில் பேர் வாசித்து வேலைக்கு அனுப்புகிற கங்காணி, கையை மட்டும் உயர்த்துவார். பார்த்தவுடனே அப்படியே குந்தி, இடுப்பில் கட்டியிருக்கிற படங்குச் சாக்கை இழுத்துத் தலையை மூடிக்கொள்ளவேண்டும். அசைந்தவரைத்தான் குளவி தேடும். மலையில் இதை யாரும் பாடம் எடுத்துச் சொல்லித்தருவதில்லை. நடக்கப் பழகும்போதே உடம்பு பழகிக்கொள்ளும். சின்ன வயதில் நானும் ஒரு தடவை தேயிலைச் செடிக்கு அடியில் அப்படிக் கிடந்திருக்கிறேன். என் மூச்சே எனக்கு லவுட்ஸ்பீக்கர் மாதிரிக் கேட்டது.

ஆனால் கப் என்பது வேறு விஷயம்.

“வேண்டாம் பிள்ள” என்றேன். “செத்த வீட்டுக்கும் நான்தான் மைக் குடுக்கிறேன். அங்க யாரும் கைதட்டி நான் பாத்ததில்ல.”

“அது எங்க மலை ஆளுங்களுக்குச் சொல்லவேண்டிய கவிதைங்க ஐயா.”

“கப்ப வாங்கிட்டுச் சொல்லு. நானே உங்க தோட்டத்துக்கு மைக் கட்டித் தாறேன்.”

“சரிங்க” என்றாள்.

தோட்டத்துப் பிள்ளைகள் ‘சரிங்க’ என்றால் அதற்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். நானும் அப்படி ‘சரிங்க’ சொல்லியே முன்னுக்கு வந்தவன்தானே?

போட்டி நாள். கண்டியில் கட்டுகலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். காலையிலேயே ரஹீம் நானாவின் பஸ் மூன்றும் வந்துவிட்டன. ஒன்று நாவலப்பிட்டியிலிருந்து, ஒன்று அலவத்துகொடவிலிருந்து, பெரிய பஸ் கலஹாவிலிருந்து. கலஹா பஸ்ஸில் நிரோஷாவின் தோட்டத்துப் பெண்கள். திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு... பாக்கியம் முதல் ஆளாக இறங்கினாள். எல்லோருக்கும் சாப்பாட்டுப் பார்சல் என் செலவு. கைலேஞ்சி விஷயத்தை இரண்டு தடவை விளங்கப்படுத்தினேன்.

“கை செவக்கிற மாதிரித் தட்டணும். சரியா?”

“தட்டிட்டாப் போச்சுங்க” என்றாள் பாக்கியம். “நாங்க என்னா, கைய வீட்டுலயா வச்சிட்டு வந்திருக்கோம்?”

மேடைப் பக்கம் இந்திய டீமின் தலைவன் கார்த்திக் என்னைப் பார்த்துவிட்டான். போன வருஷம் சென்னையில் எங்களை வீழ்த்தியவன். தாடி வைத்த, நல்ல வாய் உள்ள பையன்.

“சார், ஹால்ல இருக்கறவங்க எல்லாரும் உங்க ஆளுங்க. இது ஃபேரா?”

“தம்பி, போன வருஷம் உங்க ஹால்ல இருந்தவங்க யாரு?”

அவன் சிரித்துவிட்டான். “ஓகே சார். பாயிண்ட்டு. ஆனா பாருங்க, உங்க ஆளுங்களையே எனக்குத் தட்ட வைக்கிறேன்.”

“வச்சிக் காட்டு.”

மலேசியப் பிள்ளைகள் நன்றாகத்தான் சொன்னார்கள். இரண்டு பேர் நேரத்தை மிஞ்சிப் புள்ளியைக் கோட்டைவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தியாவும் நாமும்தான் மல்லுக்கட்டு. அவர்கள் ஏற, நாம் ஏற... என் கைலேஞ்சி வியர்வையில் ஊறிவிட்டது. கடைசி அட்டையைத் தூக்கியபோது ஜெராட் சேர் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டிப் பார்த்தார்.

சமம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கேட்காதீர்கள். நான் மைக் கட்டிய மண்டபம், நான் கொண்டுவந்த கூட்டம், நான் வாங்கிய மீட்டர். கப் அலுமாரியில் ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருந்தது. மீட்டரை மேடைக்கு முன்னால் ஸ்டாண்டில் பூட்டினேன்.

சீட்டில் இந்தியா முதல். கார்த்திக்கே வந்தான். தண்ணி லொறிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற தெருவைப் பற்றிய கவிதை. சண்டை, கெஞ்சல், கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த வரிசையிலேயே நடக்கிறது. தோட்டத்து லய வீட்டுப் பீலிக்கரையில் தண்ணீருக்கு நின்ற எங்கள் பெண்களுக்கு அது தெரியாதா? கைலேஞ்சி என் மடியில்தான் இருந்தது. அவர்கள் பாட்டுக்குச் சிரித்தார்கள், அவர்கள் பாட்டுக்குத் தட்டினார்கள். மீட்டர் எண்பதைத் தாண்டி நின்றது.

நான் திரும்பி முறைத்தேன். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு, “நல்லா இருந்துச்சுங்களே...” என்றாள்.

பரவாயில்லை. கண்டக்டர் கவிதைக்கு இது நூறைத் தொடும்.

நிரோஷா மேடைக்கு வந்தாள். மைக்குக்கு முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். நடுவரிசையில் பாக்கியம், அவள் பக்கத்தில் மற்றப் பெண்கள். அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெராட் சேர் கடிகாரத்தைத் தட்டினார்.

“அன்னைக்கும் பெரட்டுல பேர் வாசிச்சாங்க” என்று ஆரம்பித்தாள்.

கண்டக்டர் இல்லை. குளவி.

எழுந்து நிறுத்தவா முடியும்?

“அன்னைக்கும் பெரட்டுல பேர் வாசிச்சாங்க.
அம்மா இருக்கேன்னு சொன்னாங்க.
நாலாம் நம்பர் மலையில மரத்துல கூடு இருக்குன்னு
ஆபீசுக்குச் சொன்னது பங்குனியில.
பாப்போம்னு சொன்னது சித்திரையில.
வைகாசியிலயும் பாப்போம்னாங்க.
ஆனியில கழுகு வந்து பாத்திச்சு.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பில் கொடுக்கும்போது மிச்சக் காசை எண்ணி வைப்பாளே, அந்தக் குரல். ஒவ்வொரு வரியாக வைத்தாள்.

“கங்காணி கையத் தூக்குனாரு.
எல்லாரும் குந்துனாங்க. படங்க இழுத்தாங்க. மூச்ச முழுங்குனாங்க.
அம்மாவும் குந்துனாங்க.
அப்பதான் கீழ் ரோட்டுல
தேத்தண்ணிப் போத்தலத் தூக்கிக்கிட்டு
நான் வந்தேன்.
அம்மா எந்திரிச்சாங்க.
என் பக்கம் வரல. மறுபக்கம் ஓடுனாங்க.
கையை வீசிக்கிட்டு, கத்திக்கிட்டு,
எல்லாத்தையும் தன் பின்னால கூட்டிக்கிட்டு ஓடுனாங்க.”

அவள் நிறுத்தினாள். நடுவரிசையைப் பார்த்தாள். பாக்கியம் தலை குனிந்திருந்தாள்.

“மத்தவங்க அசையல.
அசையக்கூடாது.
சின்னம்மா, நீங்க அசையாதது சரி.
எல்லாரும் அசையாதது சரி.
நான் அதச் சொல்லத்தான் வந்தேன்.”

பிறகு கங்காணி செய்கிற மாதிரி வலது கையை உயர்த்தினாள். அப்படியே மேடையில் குந்தி, சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள்.

கவிதை முடிந்தது. அரை நிமிஷம் ஆரம்பித்தது.

கைலேஞ்சியைத் தூக்கவேண்டிய நேரம். திரும்பிப் பார்த்தேன்.

கலஹா பஸ்ஸில் வந்த அத்தனை பெண்களும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு, கதிரையிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் அப்படியே. யாரும் சொல்லவில்லை. கை உயர்ந்தது, உடம்பு குனிந்தது, அவ்வளவுதான். தூணுக்குப் பக்கத்தில் நான் நிறுத்தி வைத்திருந்த ஆளும் குனிந்துவிட்டான். கதவுப் பக்கத்து ஆளும் குனிந்துவிட்டான். பக்கத்தில் ரஹீம் நானா ஒரு தட்டுத் தட்டினார்... சுற்றிப் பார்த்தார். இரண்டு கையும் விரித்தபடியே நின்றுவிட்டன. பார்த்தால் துஆக் கேட்கிறவர் மாதிரி இருந்தது.

நான் தூக்கியிருக்கலாம். யாராவது ஒருவர் தட்டினால் போதும், இந்தக் கூட்டம் பற்றிக்கொள்ளும். அதற்காகத்தானே ஒரு வருஷம் பாடுபட்டேன்? கைலேஞ்சி என் கையில்தான் இருந்தது.

கை எழும்பவில்லை.

மீட்டரைப் பார்த்தேன். இறங்கியது, இறங்கியது... ஒரு இடத்தில் நின்றது. அந்த எண் என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். மண்டபத்தின் மின்விசிறி. கூட்டம் வருவதற்கு முன்னால், காலையில் வெறும் மண்டபத்தில் நான் சோதித்தபோது காட்டிய அதே எண்.

மணி அடித்தது.

அப்புறம் எல்லோரும் நிமிர்ந்தார்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பாக்கியம் எழுந்து, இடையில் இருந்த கதிரைகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போனாள். நிரோஷாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகு கைதட்டு வந்தது. வந்து என்ன? மணி அடித்தபிறகு வந்த கைதட்டை மீட்டர் எண்ணாது. சட்டம். நானே எழுதிக் கொடுத்த சட்டம்.

கப் இந்தியாவுக்கு.

கார்த்திக் கப்பை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். வெற்றியை விட்டுத்தருகிறேன் என்று ஏதாவது சினிமா வசனம் பேசப்போகிறான் என்று நினைத்தேன்.

“சார், கப்பத் தரமாட்டேன். ரூல்படி ஜெயிச்சிருக்கோம்.”

“யாரு கேட்டா?”

“ஆனா ஒண்ணு சார். நான் இத்தனை மேடை ஏறியிருக்கேன், என் கவிதைய யாரும் இந்த மாதிரி கேட்டதில்ல.”

“அத மீட்டர்கிட்ட சொல்லு” என்றேன். எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை. பொய் சொல்வானேன்?

வெளியே பஸ் பக்கத்தில் நிரோஷா நின்றாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கண்டக்டர் கவிதைதான சொல்றேன்னே?”

“அதத்தான் நெனச்சிக்கிட்டு ஏறுனேங்க. இவங்க முகத்தப் பாத்ததும் வாய் வரலங்க.”

“சிங்கப்பூர் போச்சே பிள்ள.”

“தெரியுங்க.” பஸ் பக்கம் திரும்பிச் சொன்னாள். “அம்மா செத்ததுலேர்ந்து சின்னம்மா என் முகத்தப் பாத்துப் பேசுனதே இல்லைங்க. சோறு போடுவாங்க, தல சீவி விடுவாங்க... முகத்தப் பாக்கமாட்டாங்க. இன்னைக்குப் பாத்தாங்க.”

கையிலிருந்த கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அவளே தொடர்ந்தாள். “கோவிச்சிக்காதீங்க ஐயா. நீங்கதான இவங்கள பஸ் போட்டுக் கூட்டிட்டு வந்தீங்க. நீங்க கூட்டிட்டு வராட்டி கண்டக்டரத்தான் சொல்லியிருப்பேன்.”

கேட்டீர்களா? என் காசில் பஸ் பிடித்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, நானே என் கப்பைத் தோற்கடித்திருக்கிறேன்.

ரஹீம் நானா என் தோளில் கையைப் போட்டார். “மொதலாளி, பஸ்ஸுக் கூலி வேணாம். இண்டைக்கு நான் ஓட்டினது கணக்கில இல்ல.”

அந்த நேரத்தில்தான் பஸ் படியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிச் சொன்னாள் — “அந்த மரத்துல இப்பவும் ஒரு கூடு தொங்குதுங்க. தைப்பொங்கலுக்கு முன்னுக்கே ஆபீசுல சொல்லியாச்சு. பாப்போம்ங்கிறாங்க.”

எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. நாலாம் நம்பர் மலை.

என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. இவனுக்கு ‘இல்லை’ என்றால் விளங்காது என்பார்கள். உண்மைதான். கப் போய்விட்டது, சரி. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற ஆளா நான்? மீட்டரை மேசை லாச்சிக்குள் எறிந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் லொறியை எடுத்துக்கொண்டு கலஹாப் பாதையில் ஏறினேன். நிரோஷா கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். தோட்டத்து ஆபீஸ் வாசலில் பாக்கியமும் மற்றப் பெண்களும் வேலைக்குப் போகாமல், படங்கைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

தோட்டத்தை நிர்வாகம் பண்ணுகிற துரை சின்னப் பையன். படித்தவன், மரியாதையான பையன், புதிதாக வந்தவன். அவனைக் குறை சொல்லமாட்டேன். எனக்குக் கதிரை போடச் சொன்னான். நான் உட்காரவில்லை.

“தம்பி, நாலாம் நம்பர் மலையில குளவிக் கூடு இருக்கு. எடுக்கணும்.”

அவன் சிங்களத்தில் கிளாக்கரிடம் ஏதோ கேட்டான். பிறகு பழகிய தமிழில், ரொம்ப அன்பாக என்னைப் பார்த்துச் சொன்னான் —

“பாப்போம் ஐயா.”

எனக்குப் பின்னால் ஒரு சத்தம்.

முதலில் பாக்கியம்தான். ‘புக்’கென்று ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்துப் பெண்ணைப் பிடித்துக்கொண்டது, அவளிடமிருந்து அடுத்தவளுக்கு... வாசல் முழுக்கப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். “பங்குனியிலங்களா தொர?” என்று ஒருத்தி கேட்டாள். “சித்திரையிலயும் பாப்பாரு” என்றாள் இன்னொருத்தி. தேயிலை ஸ்டோர் பக்கத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, அது எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் நின்றார்கள். நிரோஷா மட்டும் சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று என்னைப் பார்த்தான், கிளாக்கரைப் பார்த்தான். கிளாக்கர் தரையைப் பார்த்தார்.

“மேடம், நீங்க சொல்லுங்க” என்றான் நிரோஷாவிடம்.

“கூட்ட எடுக்குற வரைக்கும் அந்த மலைக்கு யாரும் ஏறமாட்டாங்க சேர்” என்றாள். அவ்வளவுதான். மிச்சக் காசை எண்ணி வைக்கிற குரல்.

துரை போனைக் கையில் எடுத்தான்.

அந்த வாரமே ஆட்கள் வந்து கூட்டை எடுத்துவிட்டார்கள். பெண்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். நிரோஷா மறுபடி பில் போடுகிறாள். அடுத்த வருஷத்துக்கு வேறு ஒரு கவிதை கட்டிக்கொண்டிருக்கிறாளாம். என்ன கவிதை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ‘சரிங்க’ என்பாள்.

நடுத்தட்டு காலியாகத்தான் இருக்கிறது. லைட்டை அணைக்கவில்லை, தினமும் துடைக்கிறேன். அந்தக் கப் இங்கே வரத்தான் போகிறது. ஒரே ஒரு விஷயத்தை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. ஆபீஸ் வாசலில் எழும்பிய அந்தச் சிரிப்பு, கார்த்திக்கின் எண்பதை எப்போதோ தாண்டியிருக்கும்...

அன்றைக்குப் பார்த்து மீட்டரைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன்.